கூண்டுச் சண்டைக்கு நேரம் பார்த்தவர்கள்

1

என் அப்பா கூண்டுச் சண்டைக்குப் பந்தயம் கட்டுகிறார் என்ற செய்தி கொக்குவிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சென்ற வாரம் பெரியம்மா தொலைபேசியில் சுகம் விசாரித்தார். பனி எப்படி என்று கேட்டார். அம்மாவின் முழங்காலுக்குப் புதிதாக ஓர் எண்ணெய் சொன்னார். யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடக்கும் இந்த நாட்களில் அங்கே அரிசி என்ன விலை என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, கொப்பர் உங்கை சண்டைக்காரரில காசு கட்டுறாராம், உண்மையே? நீயும் சேந்தோ?" என்றார்.

உண்மைதான் பெரியம்மா. அம்மா பக்கத்தில் நின்றபடியால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன். இப்போது முழுவதையும் எழுதுகிறேன். இந்தக் கதையைக் கைகால் முளைத்த பிறகு கேள்விப்பட்ட மற்றவர்களும் வாசிக்கட்டும். முதலில் சில திருத்தங்கள். அப்பா சண்டை பிடிப்பதில்லை, சோபாவில் இருந்து பார்க்கிறார். வீட்டுக் கடனுக்கு வைத்த காசில் ஒரு சதமும் அதற்குள் போவதில்லை. அப்பா என்னைக் கெடுக்கவும் இல்லை. நானாகத்தான் இறங்கினேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் எட்டு வயதில் நோர்வேக்கு வந்தவள். துரொன்ஹைமில் பொறியியல் படித்து, இப்போது ஒஸ்லோவில் ஒரு நிறுவனத்தில் வேலை. ஒரு கட்டடத்துக்குள் எவ்வளவு காற்று வர வேண்டும், எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று கணக்கிடுவது என் தொழில். என் தலை எதையும் வரிசைப்படுத்தித்தான் யோசிக்கும். அம்மா இதை ஒரு குறை என்கிறார். அலுவலகத்தில் இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

2

ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் சிவபாலன் மாமாவின் வீடு இருக்கிறது. மாமா என்பது முறைக்கு. இரத்த உறவு இல்லை, ஊர்க்காரர். அவருடைய வீட்டின் நிலக்கீழறையில் மூலை வடிவச் சோபா ஒன்று உண்டு. அதில் நெருக்காமல் ஏழு பேர் இருக்கலாம். அந்த ஏழு பேரும் ஒரு கூட்டு. அப்பா அதில் ஒருவர். மேல் வீட்டில் வளரும் பிள்ளைகள் இவர்களை நோர்வே மொழியான நொஷ்க்கில் "ஷெல்லர் யெங்" என்பார்கள், கீழறைக் கூட்டம் என்று. ஏளனமாகத்தான். ஆனால் பிள்ளைகள் தகப்பன்மாருக்கு வைத்த பெயர் அது ஒன்றுதான் என்பதால் இவர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஊரில் சீட்டுப் பிடிப்பதைப் போலத்தான் இது. மாதாமாதம் எல்லோரும் ஒரே அளவு காசு போடுகிறார்கள். முறை சுற்றி வருகிறது. சீட்டில் முறை வந்தவர் காசை எடுப்பார். இங்கே முறை வந்தவர் யார் வெல்வான் என்று சொல்வார், கூட்டு அந்த ஆளில் கட்டும். அமெரிக்காவில் நடக்கும் கூண்டுச் சண்டைதான் விடயம். குத்து, உதை, மல்லு எல்லாம் கலந்தது. நோர்வேயில் இப்படிச் சண்டை வைத்துக் காசு உழைக்கச் சட்டம் விடாது. ஆகவே பார்ப்பது செய்மதித் தொலைக்காட்சியில், கட்டுவது வெளிநாட்டு இணையத்தளத்தில்.

சண்டை எங்களுக்கு ஞாயிறு விடியும் நேரத்தில் நடக்கும். மாமா பதிவு செய்து வைப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழு பேரும் வந்து, கைத்தொலைபேசிகளை ஒரு பெரிய சருவச்சட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, முடிவு தெரியாமல் பார்ப்பார்கள். முடிவைக் கேள்விப்பட்டுக்கொண்டு வந்தவர் அன்றைக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. தன் முறையில் மூன்று தரம் தொடர்ந்து தோற்றவர் சோபாவை விட்டு எழும்ப வேண்டும். வரிசையில் நிற்கும் அடுத்தவர் வந்து இருப்பார். வரிசையில் முதலாவதாக நின்றவர் செந்தில். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்தவர். என் வயதுக்காரர், நல்ல மனிதர். தன் ஆசையை மறைக்கத் தெரியாதவர். சோபாவின் பின்னால் நின்றபடி பார்ப்பார். அப்பாவிடம் ஒரு நாள், "சார், உங்க இடத்துல குஷன் கொஞ்சம் இறங்கியிருக்கு, நான் வந்தா மாத்திடலாம்" என்றார். அப்பா சிரித்தார். வீட்டுக்கு வந்து சிரிக்கவில்லை.

அப்பா அதற்குள் இரண்டு தரம் தோற்றிருந்தார்.

3

அப்பா பேருந்து ஓட்டுகிறார். கிழமைக்கு ஐந்து நாள் அவர் வாயிலிருந்து வருவது ஏழெட்டு நொஷ்க் சொற்கள்தான். வணக்கம், நன்றி, பின்னுக்குப் போங்கள், இது கடைசித் தரிப்பு. வீட்டில் தம்பி அவரோடு நொஷ்க்கில் பேசுவான், அப்பா தமிழில் பதில் சொல்வார், இரண்டு பேருக்கும் பாதிதான் போய்ச் சேரும். நானும் வேலை முடிந்து வந்தால் பேச்சு குறைவு. அப்பா வாய் திறந்து பேசும் இடம் அந்தச் சோபா ஒன்றுதான். அங்கேயும் அவர் மற்றவர்களைப் போலச் சத்தம் போடுபவர் அல்ல. மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு வசனம் சொல்வார். எல்லோருக்கும் முன்னால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். ஆனாலும் அந்த ஒரு வசனத்துக்காகத் திங்கள் முதல் காத்திருப்பார்.

நான் அந்தக் கீழறைக்குள் போனது ஒரு கடுதாசி வேலைக்காக. பந்தயத் தளம் திடீரென்று மாமாவிடம் ஆள் அத்தாட்சி கேட்டது. கடவுச்சீட்டில் அவருடைய தகப்பன் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. மின்சார பில்லில் அவருடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. வங்கி இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதி வைத்திருக்கிறது. மூன்று மனிதர்கள் ஒரே கணக்கைப் பாவிப்பதாக அந்தத் தளம் முடிவு கட்டிவிட்டது. இந்த நாட்டில் எங்கள் எல்லோருக்கும் பழகிய தலையிடிதான். மக்கள் பதிவு அலுவலகத்தில் ஒரு பத்திரம் எடுத்து, எங்கள் பெயர்கள் எப்படி அமைகின்றன என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, நான் அதைத் தீர்த்துக் கொடுத்தேன். அதற்காக இரண்டு மூன்று ஞாயிறுகள் கீழறையில் இருக்க வேண்டியதாயிற்று. நான் இருந்தபடியால் ஒருவராலும் தூஷணம் பேச முடியவில்லை. மிக மோசமான குத்துக்கும் "ஐயோ பாவம்" என்றுதான் சொன்னார்கள்.

அப்போதுதான் இவர்கள் கட்டும் விதத்தைக் கண்டேன். என் தொழிலில் இப்படி ஒரு கட்டடத்தைக் கண்டால் ஆட்களை வெளியேற்றச் சொல்வோம். பெயர் பெற்றவனிலேயே கட்டுவார்கள். ஐந்து சண்டைகளை ஒன்றாகக் கோர்த்து, ஐந்தும் சரி வந்தால்தான் காசு என்று கட்டுவார்கள். இதற்கு "மாலை கட்டுறது" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பூ வாடினாலும் மாலை முழுவதும் போய்விடும். அதோடு, கட்டுவது எப்போதும் சனிக்கிழமை காலையில், ராகு காலம் கழிந்த பிறகு. சுவரில் ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதித் தமிழ்க் கடையில் இனாமாகக் கிடைத்த கலண்டர் தொங்கியது. அதில் சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். பத்தரை கழிந்து, தேத்தண்ணி குடித்து, பத்தே முக்காலுக்கு மாமா பொத்தானை அழுத்துவார்.

அப்பாவின் தெரிவு இன்னொரு விதம். அவர் மாலை கட்டமாட்டார். ஆளின் குணத்தைப் பார்த்துக் கட்டுவார். ஒரு நாள் காரில் வரும்போது இந்தச் சண்டையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். வீதியில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கீழ கிடக்கிறவன் கையால ரெண்டு தரம் தட்டுறான். மேல இருக்கிறவன் உடன விடுறான். பிறகு கைகுடுத்துத் தூக்கியும் விடுறான். நான் எத்தினை சண்டை கண்டனான் பிள்ளை. இப்பிடி ஒரு சட்டத்தை வேற எங்கையும் காணேல்லை."

ஆகவே தட்டியதும் ஆக விரைவாக விடுபவன் எவனோ, அவனில்தான் அப்பா கட்டுவார். அந்தக் குணத்துக்கும் வெற்றிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான் பிறகு பழைய சண்டைகளைப் பார்த்துச் சரிபிழை தேடினேன். இல்லவே இல்லை.

4

அப்பாவின் மூன்றாவது முறை நெருங்கியபோது அம்மாதான் என்னிடம் வந்தார். சண்டை என்றாலே முகத்தைத் திருப்புகிறவர். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே, இவரை எழுப்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையில் இந்த மனிசன் யாரோடு கதைப்பது, சுவரோடா என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வந்தார். கோப்பி போடுகிறவர் போல நின்று, "நீ ஒருக்காப் பாத்துச் சொல்லன்" என்றார்.

நான் பார்த்தேன். வேலைக்கு எப்படிப் பார்ப்பேனோ அப்படி.

வாசிக்கிறவர்களில் யாருக்காவது உதவலாம் என்பதால் கண்டதைச் சொல்கிறேன். யார் வெல்வான் என்பது கேள்வியே அல்ல. அவனுக்குத் தளம் போட்டிருக்கும் விலை சரியா என்பதுதான் கேள்வி. அந்த விலையை இங்கே ஒட்ஸ் என்பார்கள். கட்டிய காசு வென்றால் எத்தனை மடங்காகத் திரும்பும் என்ற எண் அது. நான்கு என்று போட்டிருந்தால், நாலு தரம் மோதினால் ஒரு தரம்தான் இவன் வெல்வான் என்று தளம் நினைக்கிறது. அவன் இரண்டு தரத்தில் ஒரு தரம் வெல்லக்கூடியவன் என்று எனக்குக் காரணத்தோடு தெரிந்தால், கட்டலாம். அவன் தோற்றாலும் கட்டியது சரி. இந்தக் கடைசி வசனத்தைக் கீழறையில் ஏற்க வைக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஒட்ஸ் எங்கே பிழைக்கும்? சனம் எங்கே மயங்குகிறதோ அங்கே. ஒரே குத்தில் ஆளை விழுத்துகிறவனை எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். கட்டிப்பிடித்து நிலத்தில் கிடத்தி, நேரம் முடியும்வரை மேலே கிடக்கிறவனைப் பார்க்க அலுப்பு, ஆகவே அவனுக்கு மதிப்புக் குறைவு. ஆனால் குத்துகிறவனுக்குத் தன்னை நிலத்தில் விழுத்தாமல் தடுக்கத் தெரியாவிட்டால் அவனுடைய கை எதற்கு? பிறகு, சண்டைக்கு எத்தனை நாள் முன்னர் ஆளுக்கு அறிவித்தார்கள் என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் வந்தவன் எடை குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் கிடந்திருப்பான், மூன்றாம் சுற்றில் மூச்சு இராது. மாலை கட்டவே கூடாது. ஒரு முறைக்குக் கூட்டுக் காசில் சிறு பங்குக்கு மேல் வைக்கவும் கூடாது.

இவ்வளவையும் வைத்து அந்த மாதச் சண்டைகள் முழுவதையும் அலசினேன். விலை பிழைத்த சண்டை ஒன்றும் இல்லை. அப்பாவிடம் அதையே சொன்னேன். இந்த முறை கட்டாமல் விடுங்கள் என்றேன்.

அப்பா அதை அப்படியே கூட்டத்தில் சொன்னார். கீழறை கொந்தளித்தது. முறை வந்தவர் கட்டாமல் விடுவது சீட்டு வந்தவர் காசை வேண்டாம் என்பதைப் போல, கேள்விப்படாத கதை என்று மாமா சொன்னார். தோற்கப் பயந்தால் தோற்றதாகவே எழுதலாம் என்றார் ஒருவர். செந்தில் குஷனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா சத்தம் போடாமல், கட்டாமல் விடக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். ஒன்றிலும் இருக்கவில்லை. கடைசியில் ஒரு தரம் விடலாம், ஆனால் முறை அவரிடமே நிற்கும், அடுத்த மாதம் கட்டியே ஆக வேண்டும் என்று தீர்த்தார்கள்.

5

அடுத்த மாதம் எனக்கு ஒன்று அகப்பட்டது.

சண்டைக்காரர்களின் பெயர்கள் வாயில் நுழையாது என்பதால் கூட்டத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. ஒருவன் கொம்பன். முதல் சுற்றிலேயே ஆளை விழுத்துகிறவன், எல்லா விளம்பரத்திலும் அவன் முகம். மற்றவன் தபால்காரர். ஒரு அவசரமும் இல்லாமல் தோளைச் சாய்த்து நடந்து வருவதால் அந்தப் பெயர், மரியாதையோடு. வேறொருவனுக்குக் காயம் பட்டு, கொம்பன் கடைசி நேரத்தில் அவன் இடத்துக்கு வந்தான். நான் தேடி எடுத்த பழைய சண்டைகளில் அவனை விழுத்த முயன்ற எல்லோரும் விழுத்தியிருந்தார்கள். ஆனால் முயன்றவர்கள் கொஞ்சப் பேர். தபால்காரருக்குத் தெரிந்ததோ விழுத்துவது ஒன்றுதான்.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் தளத்தில் விலை வந்தது. தபால்காரருக்கு நான்குக்குச் சற்றுக் கீழே. இப்படி ஒரு பிழை சனிக்கிழமை வரை நிலைக்காது. என்னைப் போலக் கணக்குப் பார்க்கிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்கள் கட்டக் கட்ட விலை இறங்கும். செவ்வாய்க்கிழமையே கட்ட வேண்டும். ஆனால் சனிக்கிழமை, ராகு காலம் கழித்துத்தான் கட்டலாம் என்பது கூட்டத்தின் முதல் சட்டம்.

அன்றிரவே மாமா வீட்டுக்குப் போனோம், அப்பாவும் நானும். செய்தி கேட்டு மற்ற ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். செந்திலும் வந்தார். மாமா மசியவில்லை. "பிள்ளை, நீ படிச்சனி, நான் மறுக்கேல்லை. ஆனா நேரம் எண்டு ஒண்டு இருக்கு. நாங்கள் நேரம் பாக்காமல் ஒரு ஆணியும் அடிச்சதில்லை."

சரி, நேரத்தையே பார்ப்போம் என்று நினைத்தேன். ராகு காலம் என்றால் என்ன என்று மாமாவையே கேட்டேன். சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும், சனிக்கிழமைக்கு மூன்றாம் பங்கு என்று அவர் சரியாகச் சொன்னார். கலண்டரில் இருப்பது ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் சூரியனுக்குப் போட்ட கணக்கு என்றேன். இந்த ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று கேட்டேன். மாமா யன்னலைப் பார்த்தார். வெளியே பின்னேரத்திலிருந்தே கும்மிருட்டு.

மேசையில் கிடந்த விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒஸ்லோச் சூரியனுக்குக் கணக்கிட்டால், மாசியிலும் சரி, நடுக்கோடையிலும் சரி, சனிக்கிழமை பத்தே முக்கால் ராகு காலத்துக்குள்தான் விழுகிறது. நத்தார்ப் பண்டிகையை ஒட்டிய மூன்று நாலு கிழமைகள் மட்டும் மயிரிழையில் தப்புகின்றன.

மாமா தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "அப்ப இவ்வளவு காலமும்?"

"இவ்வளவு காலமும் ராகுவின்ர மடியில வைச்சுத்தான் கட்டினனீங்கள், மாமா."

பிறகு செந்தில், "அங்கிள், சண்டை நடக்கிறது அமெரிக்காவுல. அங்க உள்ள ராகுவையும் பார்க்கணுமா?" என்றார். அதைப் பேசப் போனால் விடிந்துவிடும் என்று ஒருவர் அவரை அடக்கினார்.

நான் எதிர்பார்த்தது கோபம். வந்தது மகிழ்ச்சி. மாமாவின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. இத்தனை வருடம் தோற்றதற்கு இப்போதுதான் காரணம் கிடைத்திருக்கிறது. தான் ஆளைத் தெரிந்ததில் ஒரு பிழையும் இல்லை, நேரம்தான் பிழை. ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். மாலைகள் எல்லாம் ஏன் வாடின என்பது விளங்கிவிட்டது. என் கணக்கு சரி, அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு முழுப்பிழை. நான் அதைத் திருத்தப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் எந்தச் சூரியனுக்கும் ராகு காலம் இல்லை, அது எனக்குப் போதும்.

அந்த மகிழ்ச்சியில் மாமா அப்பாவைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார். "மகேந்திரண்ணை, அப்பிடிப் பாத்தா நீங்கள் தோத்த ரெண்டும் ராகுவில கட்டினது. அதைக் கணக்கில எடுக்கேலாது. வெட்டிவிடுவம்."

எல்லோரும் ஓம் என்றார்கள். செந்தில்கூட, முகம் விழுந்தாலும், தலையாட்டினார். அப்பாவின் இடம் தப்பிவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "இல்லை பாலன். தோத்தது தோத்ததுதான். நான் இதில வெண்டு இருக்கிறன், இல்லாட்டி எழும்பிப் போறன்."

காரில் வரும்போது எனக்கு அவரோடு கோபம். நான் பாதிக்குப் பாதி என்று கணக்கிட்ட ஒரு சண்டையில் தன் முழு ஞாயிறுகளையும் வைத்துவிட்டார். ஒரு முறைக்குச் சிறு பங்குதான் வைக்க வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னது எல்லாம் காசுக்கு. இதற்கு என்னிடம் சட்டம் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் எல்லோரும் பாண் துண்டும் சீஸும் தின்றுகொண்டிருக்க, மாமா தந்த கடவுச்சொல்லைப் போட்டுப் பொத்தானை நான் அழுத்தினேன். சனிக்கிழமை விலை இரண்டுக்கு இறங்கியிருந்தது. மாமா தொலைபேசியில் அதை எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார்.

6

அந்த ஞாயிறு சருவச்சட்டிக்குள் முதலில் போனது என் தொலைபேசி. சோபாவில் ஏழு பேர், பின்னால் செந்தில், பக்கத்தில் மேலேயிருந்து கொண்டுவந்த சாப்பாட்டுக் கதிரையில் நான். அப்பா ஓரத்தில், தன் இடத்தில்.

மணி அடித்ததும் கொம்பன் ஓடி வந்தான். தபால்காரர் காலைப் பிடிக்கக் குனிந்தார், அதே நேரத்தில் முகத்தில் வாங்கினார். இன்னொன்று. முழங்கால் மடிந்து கூண்டில் சாய்ந்தார். அப்பாவின் வலது கால் நிலவிரிப்பில் இறங்கிக்கொண்டிருப்பதைக் கண்டேன். பேருந்தின் பிரேக்கை மிதிக்கிறார். முழுப் பலத்தையும் கொடுத்து மிதிக்கிறார்.

தபால்காரர் விழவில்லை. கொம்பனின் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தொங்கியபடி அந்தச் சுற்றை ஒரு விதமாகக் கடந்தார்.

இரண்டாம் சுற்றில் நான் எதிர்பார்த்தது நடந்தது. ஒரு குத்தை விலக்கி, காலை எடுத்து, கொம்பனை நிலத்தில் போட்டார். போட்டு, மேலே கிடந்தார். அரங்கில் இருந்த சனம் கூச்சல் போட்டது, எழும்பச் சொல்லி. மாமாவும் பழக்கத்தில் கூச்சல் போட வாயைத் திறந்து, யாரில் கட்டியிருக்கிறோம் என்று நினைவு வந்து மூடிக்கொண்டார். "கிடவடா ராசா, அப்பிடியே கிட" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். இவ்வளவு அலுப்பான ஐந்து நிமிடத்தை இவ்வளவு ஆசையோடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மூன்றாம் சுற்றுக்கு எழும்பியபோது கொம்பனின் வாய் திறந்திருந்தது. கைகள் மார்புக்குக் கீழே இறங்கிவிட்டன. தண்ணீர் குடிக்காமல் எடை குறைத்த உடம்பு. தபால்காரர் மறுபடியும் விழுத்தினார், இந்த முறை முதுகுப் பக்கம் போனார், கை கழுத்துக்குள் போனது. ஏழு பேரும் எழும்பி நின்றார்கள். மாமா, நான் இருப்பதை மறந்து, மிக நல்ல ஒரு தூஷணம் சொன்னார். கொம்பனின் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு தட்டினான்.

தபால்காரர் உடனே விட்டார்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. யாரோ என் தலையைப் பிடித்து ஆட்டினார்கள். செந்தில் சோபாவின் பின்னாலிருந்து தாவி வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார், தன் இடம் போனதை மறந்து. மாமா கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றினார். மேலே இருந்த பிள்ளைகள் எல்லோரும் என்ன நடந்தது என்று படியில் இறங்கி வந்து நின்றார்கள். ஒரு சண்டை எதையும் நிரூபிக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டடத்தில் ஒரு நாள் காற்றை அளந்துவிட்டு ஒரு பொறியியலாளரும் கையெழுத்துப் போடுவதில்லை. அதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. என் கணக்கு, என் ஆள், என் செவ்வாய்க்கிழமை. நிலத்தில் கால் படாமல்தான் அன்றைக்கு நின்றேன்.

செந்திலுக்கும் எனக்கும் நிரந்தரமாக இரண்டு கதிரைகள் போடுவது என்று மாமா அங்கேயே அறிவித்தார். அடுத்த முறை யாருடையது, நான் இப்போதே பார்க்கத் தொடங்கலாமா என்று ஒருவர் கேட்டார். பெரியம்மா, நான் சேர்ந்த கதை இவ்வளவுதான்.

7

அப்பாவுக்கு மறுநாள் அதிகாலை வேலை. நான் முன்னதாக வெளியே வந்து, காரில் கிடந்த பனியைத் துடைத்து, சூடாகட்டும் என்று இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே இருந்தேன். அவர் வழக்கம் போல உடனே வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

வரவில்லை. பக்கத்து வீட்டு நொஷ்க்காரர் நாயோடு போகும்போது என் காரின் புகையைப் பார்த்து முகம் சுளித்தார். நான் இறங்கிப் போய் மணியை அடித்தேன். மாமி கதவைத் திறந்தார். அப்பா எங்கே என்று கேட்டேன்.

"கீழதான். கொப்பர் கதைக்கிறார்" என்றார் மாமி. அவருக்கே அது புதினமாக இருந்தது.

திரும்பக் காருக்கு நடந்தேன். நிலக்கீழறையின் சின்ன யன்னல் பனிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், சிகரெட்டுப் புகை போக என்று சற்றுத் திறந்திருந்தது. உள்ளே அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். முதல் சுற்றில் தபால்காரர் ஏன் விழவில்லை, எந்தக் கையால் எங்கே பிடித்தார், கால் எப்படி நின்றது. மாமா இடையில் ஏதோ சொல்ல வந்தார். "பொறு பாலன், நான் சொல்லி முடிக்கட்டும்" என்றார் அப்பா. மாமா பொறுத்தார். யாரோ ஒரு கேள்வி கேட்க, அப்பா தொடக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார், இந்த முறை இன்னும் சத்தமாக.

நான் காருக்குள் ஏறி, இயந்திரத்தை நிற்பாட்டினேன்.